எண்பத்து நான்கு குழாய்களும் ஒரு சிவப்புப் பேனாவும்

ஆலையில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் சிவப்பு மை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்ததில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் மேல்சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். நீலம் வேலைக்கு. சிவப்பு அடுத்தவர் தப்புக்கு. ஷிப்ட் முடிந்து லாக் புக்கில் அளவுகளை எழுதியபின், அன்றைக்கு யார் எதைச் சொதப்பினார்களோ அதைச் சிவப்பில் எழுதுவாள். "மூன்றாம் வால்வைத் திறந்துவிட்டு மூட மறந்தவர், வரும்போது வீட்டுக் கதவையாவது மூடிவிட்டு வந்தாரா என்று விசாரிக்கவும்." "மீட்டரில் முள் அசையவில்லை என்று எழுதியிருக்கிறார். கண்ணாடியைத் துடைத்தால் அசையும்." எழுதி முடித்ததும் தப்புச் செய்தவரைக் கூப்பிடுவாள். அவர் கீழே 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. அவளே தொடங்கி, இருபத்தெட்டு வருஷமாக நடத்திவந்த வழக்கம். இப்போதைய மேனேஜர்கூட வந்த புதிதில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரிக்காதவர்கள் ஆலையில் குறைவு.

அவளைச் சும்மா சிடுமூஞ்சி என்று தள்ளிவிட முடியாது. வேலை சுத்தம். வேலை சுத்தமாக இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: மற்றவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தன் உயிரை வாங்குவதற்காகத்தான் தப்புச் செய்கிறார்கள் என்று தோன்றும். அவளுக்கு அது முற்றிப்போயிருந்தது.

அவள் காவல் காத்தது ஒரு உலை. நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெரிய இரும்புப் பெட்டி; உள்ளே எண்பத்து நான்கு குழாய்கள் செங்குத்தாகத் தொங்கும். வெளியே நெருப்பு, குழாய்களுக்குள் எண்ணெய் வாயுவும் நீராவியும் சேர்ந்து மேலிருந்து கீழே இறங்கும். இறங்கும்போது இரண்டும் உடைந்து ஹைட்ரஜன் ஆக வேண்டும். அதைச் செய்யவைப்பது குழாய்க்குள் நிரப்பியிருக்கும் நிக்கல் பூசிய சின்னச் சின்னக் கட்டிகள். பாடப் புத்தகத்தில் அதற்கு வினையூக்கி என்று பெயர். ஆலையில் அப்படிச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே அது 'சரக்கு'.

நிக்கலுக்கு ஒரு கெட்ட புத்தி. எண்ணெய் வாயுவை உடைக்கிற அதே வேகத்தில், அதிலிருக்கும் கரியைத் தன் மேலேயே பூசிக்கொள்ளும். அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி கரி ஏறிவிட்டால் சரக்கு செத்துவிடும். வேலை நடக்காத இடத்தில் சூடு செலவாகாது. அங்கே குழாய் சிவந்து, பிறகு வெளுத்து, கடைசியில் புடைத்து வெடிக்கும். அதனால் இரண்டு வகைச் சரக்கு. எண்ணெய் வாயு அப்படியே வந்து விழுகிற மேல்பாதிக்குப் பொட்டாஷ் கலந்தது. அது கரியை உட்காரவே விடாது, நீராவியோடு சேர்த்து அனுப்பிவிடும். ஆனால் அதற்குக் கடுஞ்சூடு ஆகாது. கடுஞ்சூடான கீழ்ப்பாதிக்குப் பொட்டாஷ் இல்லாத சரக்கு. மேல் சரக்கு, கீழ்ச் சரக்கு, அவ்வளவுதான் விஷயம். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு, ஒரே மாதிரி நாலு ஓட்டை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செய்தவனே திணறுவான்.

சில வருஷங்களுக்கு முன், எந்தச் சரக்கு என்று காட்ட டிரம்மில் எழுதியிருந்த எண்ணைத் தப்பாகப் படித்து, ஒரு குழாயில் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு குழாய்க்காக அவள் முக்கால் பக்கம் சிவப்பில் எழுதினாள். எழுதியதோடு விடவில்லை. "இந்த ஆளுங்கள எண்ணைப் படிக்கச் சொல்றதே தப்பு. படிக்காமலே சரியா வர்ற மாதிரி ஒரு வழி பண்ணணும்" என்று யோசித்து, உலையை நிறுத்திச் சரக்கு மாற்றுகிற இந்த வருஷ ஷட்டவுனுக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவருக்கு 'பூட்டு' என்று பெயர். துடைப்பத்தைக்கூட அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற மனிதர். நாற்பத்தைந்து வயது, பேசுவதற்கு முன் தொண்டையை மூன்று தடவை செருமுவார். அவள் அவர் முன்னால் போய் நின்று ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"இங்க பாரு பூட்டு. குழாய்க்குள்ள எப்படி இருக்கணுமோ அப்படியே டிரம்ம அடுக்கு. கீழ்ச் சரக்கு கீழ் அடுக்குல. மேல் சரக்கு அதுக்கு மேல. கண்ணு தெரியாதவன் வந்தாலும் தப்புப் பண்ண முடியாது. புரியுதா?"

"புரியுதுக்கா."

"எங்க, திருப்பிச் சொல்லு."

அவர் செருமிவிட்டுத் திருப்பிச் சொன்னார். அவள் காகிதத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். சிவப்பு மையில், கொட்டை எழுத்தில்: மேலே போவது மேலே. கீழே போவது கீழே.

சரக்கு ஏற்றும் வேலை நாலு நாள் நடந்தது. கீழே கொட்டகையில் பூட்டும் அவருடைய ஆட்களும் டிரம்மைத் திறந்து நீளத் துணிப்பைகளில் கட்டிகளை நிரப்புவார்கள். நிரப்பிய பைகள் கயிற்றில் மேலே ஏறும். உலையின் உச்சி மேடையில் ஒவ்வொரு பையையும் குழாய்க்குள் இறக்கி, ஒரு சொடுக்குச் சொடுக்கினால் பையின் அடிமடிப்பு விலகிச் சரக்கு அலுங்காமல் உட்காரும். அந்தப் பைகளைத் தைத்தது அவள் வீட்டுக்காரர். அவர் தையல் கடை வைத்திருக்கிறார். ஆலைக்குப் பை தைக்கும்போதெல்லாம் வீட்டில் ரகளைதான். மடிப்பு ஒரு விரற்கடை கூடிவிட்டால்கூட அவள் பிரித்துத் தைக்கச் சொல்வாள். அவர் வாயைத் திறக்காமல் பிரிப்பார்.

மேடையில் அவள் ராஜ்ஜியம். சரக்கு ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு குழாயிலும் காற்றை விட்டு, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தாள். எண்பத்து நாலும் ஒன்றுக்கொன்று மயிரிழைகூட மாறாமல் வந்தன. அவள் அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளைப் பார்த்து மேனேஜரே வாயடைத்துப்போனார்.

சரக்கு ஏற்றத் தொடங்கிய முதல் நாள் காலையில் ஒரு கூத்து நடந்தது. பூட்டு மூச்சிரைக்க நாலு மாடி ஏறி மேடைக்கு வந்து நின்றார். அவள் அப்போதுதான் அழுத்தமானியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். காற்று வேறு அடித்தது.

"அக்கா... ஒரு சந்தேகம்."

"என்னப்பா?"

செருமல். "டிரம் அடுக்குல... மேல இருக்கிறத முதல்ல எடுக்கணுமாக்கா, கீழ இருக்கிறதயா?"

அவளுக்கு வந்ததே கோபம். "ஏம்ப்பா, மேல இருக்கிறத எடுக்காம கீழ இருக்கிறத எப்படி உருவுவ? வித்தை காட்டப் போறியா? இத கேக்கவா நாலு மாடி ஏறி வந்த? போ, போய்ச் சொன்னதச் செய்!"

மேடையில் இருந்த ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூட்டும் சிரித்த மாதிரி ஒன்று செய்துவிட்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு ஆலைக் கேன்டீனில் அதுதான் பேச்சு. அவளே நாலைந்து தடவை நடித்துக் காட்டினாள், செருமல் உட்பட. பூட்டு தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்.

உலையை மூட்டி ஆறு வாரம் ஆகியிருக்கும். தினமும் காலையில் அவள் உலையைச் சுற்றிவருவாள். மாடிக்கு மாடி சுவரில் சின்னச் சின்னப் பார்வைத் துளைகள் உண்டு. மூடியைத் தள்ளி, நீலக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க வேண்டும். குழாய்கள் எல்லாம் ஒரே மாதிரி மங்கிய ஆரஞ்சாக இருந்தால் சுகம். அன்றைக்கு மூன்றாம் மாடியில் ஒரு குழாயில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு வெளிச்சப் பட்டை தெரிந்தது. அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பட்டை அங்கேயே இருந்தது. பக்கத்துக் குழாயிலும் இருந்தது. எண்ணிப் பார்த்தாள்: ஒன்பது. எல்லாம் மேல்பாதியில்.

மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், மேல்பாதியில கரி புடிக்குது. ஒன்பது குழாய்."

"ஸ்டீமைக் கொஞ்சம் ஏத்துங்க. கரியக் கரைச்சிடும்" என்றார் மேனேஜர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏத்தலாம் சார். ஆனா ஏன் புடிக்குது? அங்க இருக்கிறது பொட்டாஷ் சரக்கு. புடிக்கவே கூடாது."

"ஏத்திப் பாருங்க மேடம்."

ஏற்றிப் பார்த்தாள். நாலு நாள் பட்டைகள் மங்கின; ஐந்தாம் நாள் பதினான்காகத் திரும்பி வந்தன. அடுத்த வாரம் இருபத்திரண்டு. அவள் தினமும் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போய் மேசையில் வைப்பாள்; அவர் தினமும் ஸ்டீம் என்பார். முட்டி வலியோடு மாடி மாடியாக ஏறி இறங்குவது யார்? அவளுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. உலைக்குக் கீழே எந்நேரமும் நாலு பேராவது நின்று வேலை பார்க்கிறார்கள். ஒரு குழாய் வாய் பிளந்தால் அவர்களுக்கு ஓட நேரம் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் லேபில் வேலை செய்யும் பெண் அவளைத் தேடிவந்தது. கையில் ஒரு சீட்டு.

"அக்கா, உலையிலருந்து வர்ற வாயுவக் குளிர வச்சுத் தண்ணி எடுக்கிறோம்ல, அதுல காரம் ஏறிக்கிட்டே போகுது. என்னன்னு பாத்தா பொட்டாஷ். நான் மூணு தடவை பண்ணிட்டேன்க்கா. நீங்க என் மேல பாயாதீங்க."

அவள் பாயவில்லை. அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொட்டாஷ் தண்ணீரில் வருகிறதென்றால் அது கடுஞ்சூட்டில் ஆவியாகிக் கிளம்பி வருகிறது. கடுஞ்சூடு இருப்பது குழாயின் அடியில். அப்படியானால் பொட்டாஷ் சரக்கு அடியில் இருக்கிறது. மேலே இருப்பது கரியைத் தாங்காத வெறும் நிக்கல். ஒன்பது குழாயில்லை, இருபத்திரண்டு குழாயில்லை. எண்பத்து நாலும் தலைகீழ்.

"பூட்டு!" என்றாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் லேப் பெண் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

நேரே ஸ்டோருக்குப் போனாள். பூட்டு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார்.

"உனக்கு என்னப்பா சொன்னேன்? ஒரே ஒரு வேலை. கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். அடுக்கி வைக்கக்கூடத் துப்பில்லயா? அத்தனையும் மாத்திப் போட்டு வச்சிருக்கியே, எவனாவது செத்தா நீ போய்ப் பதில் சொல்லுவியா?"

பூட்டு செருமினார். வாயைத் திறந்தார். அவள் கையை நீட்டினாள்.

"ஒரு வார்த்தை பேசாத. நாளைக்குக் காலையில லாக் புக்குல எழுதப் போறேன். வந்து கையெழுத்துப் போடு."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் விடுவிடுவென்று வெளியே வந்தாள். என்ன எழுதுவது என்று பேருந்தில் வீடு வந்து சேரும் வரைக்கும் மனசுக்குள் வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கிக்கொண்டே வந்தாள். நல்ல வாக்கியங்கள்; ஒரு பக்கத்துக்கு வரும்.

வீட்டின் முன் அறைதான் தையல் கடை. வீட்டுக்காரர் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ஜன்னலுக்கோ திரைச்சீலை ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, பள்ளிக்கூடத்துச் சட்டை பன்னெண்டும் நாளைக்கு மதியம் குடுக்கணும்னு சொல்லிட்டுத்தான போனேன்? திரைச்சீலை அடுத்த வாரந்தான கேட்டாங்க? உங்களுக்கெல்லாம் எத்தன தடவை சொல்றது?"

"சொன்ன" என்றார் அவர், காலை மிதியிலிருந்து எடுக்காமல். "துணிய யாரு அடுக்கி வச்சது?"

"நான்தான் வச்சேன். அவசரமானதுன்னு சட்டைத் துணிய முதல்ல வச்சேன். அதுக்கு மேல திரைச்சீலைய வச்சேன். அதுக்கென்ன?"

"முதல்ல வச்சது அடியில போயிருச்சும்மா. மேல இருக்கிறதுதான முதல்ல கைக்கு வரும்?"

அவர் நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த ஓரத்தை மடித்தார். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து நின்றாள்.

மேலே இருப்பது முதலில் கைக்கு வரும். அடுக்கின் மேலே இருந்தது மேல் சரக்கு. முதலில் கைக்கு வந்தது மேல் சரக்கு. குழாய்க்குள் முதலில் இறங்கியது மேல் சரக்கு. முதலில் இறங்கியது எங்கே போய் உட்காரும்? அடியில்தான். பூட்டு எதையும் மாற்றவில்லை. அவள் சொன்னதைச் சொன்னபடி, ஒரு டிரம் பிசகாமல் செய்திருக்கிறார். ஒரு குழாயில் தப்பு நடந்துவிடக் கூடாது என்று அவள் கண்டுபிடித்த வழியில், எண்பத்து நாலிலும் தப்பு நடந்திருக்கிறது.

காற்று அளவும் காட்டிக்கொடுக்கவில்லை. எப்படிக் காட்டும்? இரண்டு சரக்கும் ஒரே அளவு, ஒரே ஓட்டை. காற்றுக்கு மேலும் கீழும் ஒன்றுதான். அந்தத் தாளை அவள் எத்தனை பேரிடம் நீட்டியிருப்பாள்!

பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. காற்றடிக்கிற மேடையில் மூச்சிரைக்க நின்ற பூட்டு. மேல இருக்கிறத முதல்ல எடுக்கணுமாக்கா, கீழ இருக்கிறதயா? உலகத்திலேயே கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அந்த மனிதர் நாலு மாடி ஏறி வந்து கேட்டிருக்கிறார். அவள் அதைக் கேன்டீனில் நடித்துக் காட்டியிருக்கிறாள். வெட்கம் என்றால் இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"என்னம்மா, ஒரு மாதிரி நிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல. திரைச்சீலையையே தைங்க."

அவர் மெஷினை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'பரவாயில்லை' என்ற அர்த்தத்தில் அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

மறுநாள் காலை அவள் முதலில் ஸ்டோருக்குத்தான் போனாள். அந்தச் சிவப்பு மைக் காகிதம் சுவரிலேயே இருந்தது. ஓரத்தில் பசை விட்ட இடத்தைப் பூட்டு புதிதாக ஒட்டிவைத்திருந்தார். அவர் எழுந்து நின்று, "கையெழுத்துப் போட வரட்டுமாக்கா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு மேடைக்கு வந்தியே," என்றாள் அவள். மேலே கேட்க அவளும் செரும வேண்டியிருந்தது. "உனக்குத் தெரியுமா, இது தலைகீழாப் போவும்னு?"

"தெரியும்னு இல்லக்கா. இடிச்சுது. எடுக்கிற வரிசையில இறக்கினா மாறிடுமேன்னு தோணுச்சு. நீங்க அப்படிச் சொன்னதும், அக்காவுக்குத் தெரியாததா, மேல ஏதோ வேற கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்."

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல?"

இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கே தெரியும். இன்னும் ஒரு மாதத்துக்குக் கேன்டீனில் கதை கிடைத்திருக்கும்.

மேனேஜர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. ஸ்டோர்ல. இப்ப உங்களுக்கு."

"அப்ப இது இங்கயே இருக்கட்டும். சரக்கு செஞ்சவங்க மேல ஒரு புகார் எழுதிடலாம். தரம் சரியில்லன்னு. சாம்பிள் அனுப்பு, பதில் வரட்டும்னு நாலஞ்சு மாசம் ஓடிரும். ஸ்டீமை ஏத்தி அதுவரைக்கும் ஓட்டலாம். நீங்களும் இன்னும் ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. இத்தனை வருஷம் பேரோட இருந்துட்டு, கடைசியில இது எதுக்கு மேடம்? சத்தமில்லாம முடிச்சிட்டுப் போங்க."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அவளுக்காகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், ஒரு நிமிஷம், நன்றாக ஒரு முழு நிமிஷம், அவளுக்கு அது பிடித்திருந்தது. ஏழு மாசம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? கேன்டீனில் யாரும் அவளை நடித்துக் காட்ட மாட்டார்கள்.

"இன்னிக்குக் காலையில எத்தன குழாய் தெரியுமா சார்?" என்றாள்.

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு. அதுல ரெண்டு ஆரஞ்சு இல்ல, வெள்ளை. அதுக்கு நேர் கீழ வால்வுல நாலு பேர் வேலை செய்யறாங்க. நாலு பேருக்கும் உங்க ஸ்டீம் கணக்கு தெரியாது."

"மேடம், காரணம் தெரியாம நான் ஆலைய நிறுத்த முடியாது. மேல கேப்பாங்க."

"காரணத்தத்தான் எழுதப் போறேன்."

கண்ட்ரோல் ரூமில் லாக் புக் வழக்கமான இடத்தில் இருந்தது. அவள் சிவப்புப் பேனாவை எடுத்ததும் ஷிப்டில் இருந்த மூன்று பேரும் குனிந்துகொண்டார்கள், யார் தலையோ என்று. பேருந்தில் செதுக்கிய வாக்கியங்கள் எல்லாம் இப்போது ஒன்றுக்கும் ஆகவில்லை. அவள் புதிதாக எழுதினாள்:

"எண்பத்து நான்கு குழாய்களிலும் சரக்கு தலைகீழாக ஏற்றப்பட்டிருக்கிறது. பொட்டாஷ் அடியில் வெந்து வெளியேறுகிறது. மேலே கரி பிடிக்கிறது. கண்ணு தெரியாதவனுக்கும் தப்பு வராத முறை என்று சொல்லி இந்த முறையை உண்டாக்கியவருக்குக் கண் நன்றாகவே தெரியும். ஸ்டோர்காரர் நேரில் வந்து கேட்டார். பதிலுக்குக் கேலி கிடைத்தது. ஸ்டோர்காரர் மேல் தப்பில்லை. உலையை இன்றே நிறுத்த வேண்டும்."

எழுதியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதி, இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது கையெழுத்து முதலாவதைப் போல வரவில்லை, கொஞ்சம் கோணியிருந்தது.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்ப் பூட்டு முன்னால் வைத்தாள். அவர் உதடசைத்து இரண்டு தடவை படித்தார்.

"அக்கா, இத கிழிச்சிடலாம்க்கா. எல்லாரும் பாப்பாங்க."

"கிழிச்சா பக்க நம்பர் இடிக்கும்" என்றாள் அவள். "அப்பறம் அதுக்கொரு தடவை சிவப்புல எழுதணும்."

மத்தியானம் உலையை அணைத்தார்கள். எழுத்தில் வந்துவிட்ட பிறகு மேனேஜருக்கு வேறு வழி இல்லை. உலை ஆறி, சரக்கையெல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகு, அந்த இரண்டு வெள்ளைக் குழாய்களையும் அவள் கையால் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் உள்ளங்கை ஏறி இறங்கியது. புடைத்திருந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேன்டீனில் அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும், பிறகு ஒரு மூலையில் யாரோ செருமுவார்கள். சிரிப்பு வரும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.

புதுச் சரக்கு வந்தது. இந்தத் தடவை மேடையில் வேறொருவரைப் போட்டார் மேனேஜர். அவளைக் கீழே கொட்டகையில் உட்காரச் சொன்னார், பூட்டோடு, பை நிரப்ப. வீட்டுக்காரர் இந்த முறை மேல் சரக்குப் பைகளுக்கு மட்டும் கழுத்தில் கறுப்பு நாடா வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். டிரம்களைக் கொட்டகையின் இரண்டு மூலைகளில் தனித்தனியாக, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் பரப்பி வைத்திருந்தார்கள். மூடிகளில் இருந்த எண்ணை இருவர் படித்து இருவரும் டிக் போட்டார்கள். இனித் தப்பு நடக்க வழியே இல்லை.

ஆனாலும் பூட்டு கேட்டார். முதல் குழாய்க்குக் கட்டிய பையைத் தூக்கி, செருமிவிட்டு, "அக்கா, இது கீழயா மேலயா?"

"கீழ."

கொஞ்ச நேரம் கழித்து, நாடா கட்டிய பையைத் தூக்கி, "இது கீழயா மேலயாக்கா?"

"நாடா இருக்கில்ல? மேல."

இரண்டாம் குழாய். "கீழயா மேலயாக்கா?" மூன்றாம் குழாய். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு தடவை. பழிவாங்குகிறாரா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை. மனிதர் நிஜமாகவே கேட்டார். இனிமேல் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். இருபதாவது குழாய்க்குள் அவளுக்கு நெற்றி நரம்பு துடிக்க ஆரம்பித்தது. நாற்பதில் பல்லைக் கடித்தாள். ஐம்பத்தாறில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நாக்கு நுனி வரை வந்த வார்த்தைகளை எண்ணினால் அவையே எண்பத்து நான்கு தேறும். ஒவ்வொரு தடவையும் விழுங்கிவிட்டு, "கீழ" என்றாள், "மேல" என்றாள். பையைப் பார்க்காமல் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நாலாம் நாள் மாலை, எண்பத்து நான்காவது குழாயின் கடைசிப் பை. கழுத்தில் கறுப்பு நாடா. பூட்டு அதைத் தூக்கினார், கொக்கியில் மாட்டினார், கயிற்றை இழுக்கக் கையை உயர்த்தினார். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் களைத்துப்போயிருக்கும்.

"நில்லு" என்றாள் அவள்.

கயிறு நின்றது.

"ஏம்ப்பா, கேக்கலயே?"

பூட்டு திருதிருவென்று விழித்தார். "இது தெரியும்லக்கா... நாடா இருக்கு, கடைசிப் பை வேற..."

"தெரிஞ்சாலும் கேளு."

அவர் மூன்று தடவை செருமினார். "இது கீழயா மேலயாக்கா?"

அவள் எழுந்து வந்து, நாடாவை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"மேல" என்றாள். "இழு."